நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் 2

இன்று கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசியில் நின்றேன். மாமனார் வார்டு உறுப்பினர் என்பதால் முன்வரிசை நாற்காலியில், சலவைச் சட்டையில்.

காலனியின் பழைய தொகுப்பு வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் வந்திருக்கிறது. இந்த வருஷம் ஆறு வீடு. மீதி அடுத்தடுத்து. இதுவரை யாருக்கு வீடு என்று ஒன்றிய அலுவலகத்தில் முடிவுசெய்து அனுப்புவார்களாம். இந்தத் தடவை அந்த அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்துவிட்டார்கள். தலைவர் வசந்தகோகிலம் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யாரு கால்லயும் வுழ வேணாம். உங்க வூடு உங்க கையில" என்றார்.

அப்புறம் கொஞ்ச நேரம் மீன் சந்தைதான். எனக்கு உனக்கு என்று சத்தம். மாமா எழுந்து கையைத் தூக்கினார்.

"நான் மெம்பரு. என் வூட்ட மொதல்ல எழுதுனா ஊரு சிரிக்கும். என்னுத கடைசியில போடுங்க."

அத்தனை பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாப்பாவும் தட்டினாள், இப்போதுதான் பழகியிருக்கிறாள்.

ஆறாவது வீடு பக்கத்து வீட்டு செண்பகம் அக்காவுக்கு. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 3

தூக்கம் வரவில்லை. விடியும்போதுதான் எது உறுத்துகிறது என்று புரிந்தது.

எங்களுடையதும் செண்பகம் அக்காவுடையதும் இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். மேலே ஒரே தளம். மாமாவுக்குக் கல்யாணமான புதிதில் அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. அந்தப் பாதியை இடித்தால் இந்தப் பாதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

நேற்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் இந்தக் காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. அலுவலகத்தில் யாராவது வரைபடத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ஜோடி ஜோடியாகத்தான் எழுதியிருப்பார். நாங்கள் பெருந்தன்மையைப் பார்த்தோம், தளத்தைப் பார்க்கவில்லை.

மாமா பல் துலக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மாமா, அக்கா வீட்ட இடிச்சா நம்ம வீடு நிக்குமா?"

வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனால் சொன்னது, "மேஸ்திரி மிசினு வச்சி அறுத்துடுவாரு. கேக்கு வெட்டற மாதிரி."

"சபையில சொல்லி மாத்திக்கலாமே."

"நேத்து கைதட்டு வாங்கிட்டு இன்னிக்குப் போயி நிக்கச் சொல்றியா? நல்லா இருக்குதும்மா நீ சொல்றது."

அக்டோபர் 9

உள்ளறையில் தூளி கட்டும் கொக்கியைச் சுற்றிக் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி இரண்டு மடங்கு ஊதியிருக்கிறது. துருவேறினால் இரும்பு பெருக்கும், பெருத்தால் சிமென்ட்டைப் பிளக்கும். வேதியியல் படித்ததில் இதெல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

தூளியை அவிழ்த்துவிட்டேன். அடுப்பங்கரை வாசலில் பாயைப் போட்டுப் பாப்பாவைத் தூங்கவைத்தேன். தரையில் படுத்துப் பழக்கமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். அவள் தூங்கிய பிறகு நான் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அக்டோபர் 17

காலையில் பெருக்குவதற்கு முன்னால் ஒட்டடைக் கம்பால் மேலே தட்டிவிடுகிறேன். விழக்கூடியது பாப்பா எழுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடட்டும். ஒரு முறம் கொட்டியது.

அக்டோபர் 22

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு இடத்தில் ஒழுகுகிறது. அண்டா, குண்டான், பாப்பாவைக் குளிப்பாட்டும் டப் எல்லாம் தரையில். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து செய்தி கேட்டார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாப்பா சத்தமே இல்லாமல் இருந்தாள். திரும்பிப் பார்த்தால் வாய் அசைகிறது. விரலை விட்டு எடுத்தேன். காரைச் சில்லு. கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு பக்கம் துரு. ஈறில் ரத்தம். அவள் சிரித்தாள். அதற்குள் வடிதட்டு நழுவி, சாதம் பாதி கஞ்சியோடு போய்விட்டது.

மாமா இருந்த சாதத்தை எனக்கு வைத்துவிட்டு, கடையில் பன் வாங்கித் தின்றுகொண்டார்.

அக்டோபர் 25

வீட்டுக்காரர் பரிதி போன் செய்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கிறாராம். வீட்டுக்கு வர டிசம்பர் ஆகிவிடும்.

"தமா, பாப்பாவத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடேன். மழை முடியற வரைக்கும்."

அம்மா வீட்டில் இடமில்லை என்றேன். மாமாவுக்கு யார் சமைப்பது என்றேன். பாப்பாவுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

"உங்கம்மா வீட்டுத் தண்ணிதானே நீ குடிச்சு வளர்ந்த?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

ஆள் குடியில்லாத வீடு என்று யாராவது எழுதிவிட்டால் கடைசி இடமும் போய்விடும். இதைப் போனில் எப்படிச் சொல்வது? வீட்டைக் காப்பாற்றக் குழந்தையைத் தளத்துக்குக் கீழே வைத்திருக்கிறாயா என்று அவர் கேட்டுவிட்டால்?

நவம்பர் 1

மறுபடி சபை. உள்ளாட்சி தினமாம். நல்ல நாள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து ஊராட்சி இல்லை, தலைவர் இல்லை, மெம்பர் இல்லை, கிராம சபை இல்லை. நூறு நாள் வேலை கிடையாது. ஊரக வீட்டுப் பணமும் கிடையாது. டிசம்பருக்குள் அஸ்திவாரம் முடிந்து கடைக்கால் மட்டம் வரை எழும்பிய வீடுகளுக்கு மட்டும் மீதிப் பணம் வருமாம். மற்றவர்கள் நகராட்சியில் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேணாம் என்று எல்லோரும் கத்தினார்கள். ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஊராட்சிச் செயலர் அதை எழுதும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை.

வரும் வழியில் மாமா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். "மூணு மாசத்துக்கு அதிகாரத்தக் குடுத்தாங்க. அதுக்குள்ள ஊரையே எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

அடுத்தடுத்த வருஷம் என்பது இனி இல்லை. கடைசி இடம் என்பதும் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

நவம்பர் 3

குழாயடியில் ஊராட்சிச் செயலரைப் பார்த்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வரிசைய மாத்தறதுக்கு வழியே இல்லையா சார்?"

"உயிருக்கு ஆபத்துன்னு ஓவர்சியர் எழுதிக் குடுத்தா மாத்தலாம்மா. ஆனா ஆறு ஆறுதான். ஒண்ண உள்ள கொண்டாந்தா ஒண்ணு வெளிய போகும். அதையும் சபையிலதான் வைக்கணும்." பிறகு குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உங்க வீடு அந்த அளவுக்கா இருக்கு? லேசா காரை பேந்திருக்கு, அவ்வளவுதானே."

நவம்பர் 4

தட்டினேன். இரண்டு முறம்.

நவம்பர் 7

ஒட்டடைக் கம்பு வளைகிறது. தாங்கவில்லை. கொல்லையில் இருந்த மூங்கிலை எடுத்துக்கொண்டேன். தளர்ந்ததை அப்படியே விட்டால் ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விழும். தட்டி எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. பாப்பாவை அந்த நேரத்தில் செண்பகம் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 11

கடப்பாரையைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மாமா அதை எடுத்துக் கொல்லையில் சாத்திவிட்டார்.

இன்று ஐந்து கம்பிகள் முழுதாகத் தெரிகின்றன. மழை அதிகம்.

நவம்பர் 14

செண்பகம் அக்கா பாப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களைப் பாப்பா மேல் படாமல் மடக்கி வைத்துக்கொண்டுதான் எப்போதும் தூக்குவார்.

"இவ என்னா தமா, என்னையே அம்மான்றா. நீ பெத்துட்டு சும்மா இருக்குற. நாந்தான் வளக்குறேன்."

"நீங்களே வச்சுக்குங்க அக்கா."

"வச்சுக்கறேன். புது வூட்டுல ஒரு ரூமு இவளுக்குத்தான். கீர்த்தி போயி வெளிய படுத்துக்கட்டும்."

உள்ளேயிருந்து ஒன்பதாம் வகுப்புக் கீர்த்தி, "கேக்குதும்மா எனக்கு!" என்று கத்தினாள். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எங்கூட்லயும் ரெண்டு நாளா மண்ணாக் கொட்டுதுடி. சோத்துல, பாயில, அவ புஸ்தகத்துல. என்னான்னே தெரியல" என்றார்.

மழைதான் அக்கா என்றேன்.

நவம்பர் 19

ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்திருந்தேன். ஓவர்சியர் வந்தார். மெலிந்த மனிதர், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளறைக்குள் வந்தார். எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாக இருந்தது.

"கொழந்தைய மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போங்கம்மா."

நான் வாசற்படியில் நின்றேன். போட்டோ எடுத்தார். செல்போன் வெளிச்சத்தை ஓட்டையின் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பழைய காரை விழுந்தா ஓரம் கறுத்து இருக்கும். இது வெள்ளையா இருக்கே. தானா விழுந்ததா?"

பாப்பா ஓவர்சியரைப் பார்த்துக் கை தட்டினாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "மழையில வுழுந்துச்சு சார். போன வாரம் பேய்மழை பேஞ்சுதே, அதுல."

ஓவர்சியர் மாமாவைப் பார்த்தார். மெம்பர் கலியபெருமாள் பொய் சொல்ல மாட்டார் என்று ஒன்றியம் முழுக்கத் தெரியும். 'உயிருக்கு ஆபத்தான நிலை' என்று எழுதிக்கொண்டு போனார்.

மாமா சரியாகத்தான் சொன்னார். மழையில்தான் விழுந்தது. இருந்தும் அவர் இன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

நவம்பர் 23

சிறப்பு கிராம சபை. அந்த ஷாமியானா, அந்த நாற்காலிகள். மாமா முன்வரிசையில் உட்காராமல் ஓரமாக நின்றார்.

தலைவர் ஓவர்சியர் எழுதியதைப் படித்தார். "மெம்பர் வூடு ரொம்ப மோசமா இருக்குதாம். கைக்கொழந்த இருக்கற வூடு. ஆறாவதா இருக்கறது செண்பகவல்லி. அவங்க ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம். இல்லன்னா ஓட்டுக்கு விடணும். செண்பகம், என்னாம்மா சொல்ற?"

அக்கா எழுந்தார். அவருடைய வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்குப் போயிருக்கிறார், கேட்க ஆளில்லை. என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். காலையில் நான் பாப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு அந்தச் சுவரில் என்ன சத்தம் கேட்டிருக்கும்? இத்தனை நாளாக அதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று பாப்பாவை இறுக்கிப் பிடித்தேன். அவள் வீரிட்டாள்.

"பச்சப்புள்ள இருக்கற வூடு. மாத்திக்குங்க," என்றார் அக்கா.

எல்லோரும் கை தட்டினார்கள்.

மாமா தட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வியர்வையைத் துடைப்பதுபோல நின்றார்.

நவம்பர் 24

குழாயடியில் நான், அக்கா, இன்னும் வராத தண்ணீர்.

"அக்கா, ரொம்ப..." என்று ஆரம்பித்தேன்.

"தெனம் காலையில சத்தம் கேக்கும் தமா. உம்புள்ள எம்மடியில, நீ அந்தாண்ட நின்னு இடிக்கிற. டொக்கு டொக்குன்னு. உம்புள்ள அதுக்குத் தலைய ஆட்டுவா."

என்னால் குடத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"அப்ப ஏன் சபையில சொல்லல?"

"என்னாத்த சொல்றது? அத்தன பேரு எம்மூஞ்சியப் பாக்குறாங்க. கொழந்த அழுவுது. அந்த நேரத்துல எனக்குத்தான் வேணும்னு சொல்ல வாய் வருமா எவளுக்காச்சும்? ஆபீஸ்ல இருக்கறவன் மாத்தியிருந்தா அவன் தலையில மண்ணள்ளிப் போட்டிருப்பேன். இப்ப யார் மேல போடறது? நானே குடுத்துட்டேன்ல."

தண்ணீர் வந்தது. தன் குடத்தை நகர்த்திவிட்டு என்னுடையதை முதலில் வைத்தார். அது கோபமா, பழக்கமா, தெரியவில்லை.

டிசம்பர் 8

மார்கழி பிறப்பதற்குள் கடைக்கால் போட்டாக வேண்டும். மார்கழியில் எந்த மேஸ்திரியும் கொத்து எடுக்க மாட்டார்.

சாமான்களை எதிரில் போட்ட தார்ப்பாய்க் கொட்டகைக்கு மாற்றினோம். பரிதி இரண்டு நாள் லீவில் வந்து சவுக்குக் கழி நட்டுக் கட்டிக்கொடுத்தார். கொட்டகையில் முதல் நாள் பாப்பா அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். மேலே இருப்பது வெறும் தார்ப்பாய். விழுந்தாலும் போர்வைதான். நானும் தூங்கியிருக்க வேண்டும், தூக்கம்தான் வரவில்லை.

டிசம்பர் 10

இடித்தார்கள்.

மேஸ்திரி மெஷினை வைத்து நடுச்சுவருக்கு மேலே தளத்தை நேர்க்கோடாக அறுத்தார். மாமா சொன்னதுபோல கேக் வெட்டுவதாகத்தான் இருந்தது, பாதி வரைக்கும். எங்கள் பாதி விழுந்தபோது தரை அதிர்ந்து என் பல் வரை வந்தது. தூசி அடங்கியதும் பார்த்தால், செண்பகம் அக்கா வீட்டுத் தளத்தில் மூலைக்கு மூலை ஒரு விரிசல். அறுத்த கோட்டில் நிற்காமல் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது.

மேஸ்திரி என்னிடம் சொல்லவில்லை, பரிதியிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க பக்கம் ரொம்ப அடி வாங்கியிருக்குது தம்பி. கம்பி சிமென்ட்ட வுட்டுட்டுது. ரெண்டும் ஒரே கம்பிதான், அந்தாண்டையும் இழுத்துடுச்சு."

பரிதி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா நேராக அக்கா வீட்டுக்குள் போனார். இரண்டு சவுக்குக் கழியை அந்த விரிசலுக்குக் கீழே முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். வெளியே வரும்போது அவருக்கு வயது கூடியிருந்தது.

டிசம்பர் 14

கடைக்கால் மட்டம் வந்துவிட்டது. ஓவர்சியர் போட்டோ எடுத்தார். எங்கள் வீடு பிழைத்துவிட்டது.

டிசம்பர் 27

மழை நின்றபாடில்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் நேர் எதிரில் அக்கா வீடு. பக்கச்சுவர் எங்களுக்கு உள்சுவராக இருந்தது, இப்போது மழையில் நனைகிறது. நான் மாட்டியிருந்த காலண்டரின் ஆணி அப்படியே இருக்கிறது. விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அணைந்த பிறகு கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தளத்துக்குக் கீழே படுத்திருந்தபோது இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருக்கிறது. அங்கே விழுந்தால் என் மேல் விழும். இங்கே விழுந்தால் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"இங்க வந்து படுத்துக்குங்க அக்கா. கீர்த்தியையாவது அனுப்புங்க," என்று இன்றும் கேட்டேன்.

"நகராட்சிக்காரன் வந்து வூடு வூடா கணக்கெடுக்கப் போறானாம். பூட்டிக் கெடந்தா குடியில்லாத வூடுன்னு எழுதிட்டுப் போயிடுவானாம். நான் எங்கூட்ல இருக்கணும்டி. உனக்குத் தெரியாததா?"

ஜனவரி 1

ஊராட்சி அலுவலகப் பலகையில் பழைய பெயரின் மேல் வெள்ளையடித்தார்கள். மாமா சட்டைப் பையில் வைத்திருந்த மெம்பர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பாப்பா கையில் கொடுத்தார். அவள் கடித்தாள்.

ஜனவரி 5

கணக்கெடுப்பவர்கள் இன்று வரலாம், நாளை வரலாம் என்கிறார்கள். யாரைக் கேட்பது? முன்பு வசந்தகோகிலம் அம்மா வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். இப்போது நகராட்சிக்குப் பஸ் ஏறிப் போனால், கவுன்ட்டரில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்கிறார்.

செண்பகம் அக்கா மூன்று நாளாக முந்திரி உடைக்கப் போகவில்லை. அந்தத் தளத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கீர்த்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உள்ளே விடுவதில்லை, வாசலில் சாக்கு விரித்துப் படிக்கச் சொல்கிறார். இன்று சாயங்காலம் உள்ளே ஏதோ விழுந்தது. எழுந்து ஓடினேன். அலமாரி மேல் இருந்த பித்தளைக் குடம், உதிர்ந்த காரை தள்ளி விழுந்திருக்கிறது. அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சிரிக்க முயன்றார். அவர் உதடு ஆடுவதை இன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 6

முதல் தடவையாகப் பகலில் எழுதுகிறேன். பாப்பா தூங்கி வீடு அடங்கிய பிறகு எழுதுவதுதான் வழக்கம்.

காலையில் அக்கா வீட்டுக்குப் போய், "நீங்க வேலைக்குப் போங்க, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றேன்.

"உனக்கென்னா பைத்தியமா? கொழந்தக்காரி."

"பாப்பாவ மாமா பாத்துப்பாரு."

"மாமா கஞ்சி குடுத்தா அது துப்பும்."

"துப்பட்டும்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேலைக்குப் போகவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிரில் எங்கள் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "தமா!" என்று கூப்பிட்டார். "இருக்கேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இத்தனை நாள் வாசலோடு சரி. எங்கள் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கிறது. அங்கே வலது கைப்பக்கம் இருந்தது இங்கே இடது கைப்பக்கம். கொக்கி இருக்கும் இடத்தில் கொக்கி. நான் இடித்த இடத்துக்கு நேராக இங்கே ஒரு வட்டம், ஓரமெல்லாம் வெள்ளை. என் கையால் இடித்தது என்று இதில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

மாமா கொடுத்த முட்டுக்கழி இரண்டும் மழையில் ஊறிக் கறுத்திருக்கின்றன. மணல் உதிர்கிறது. நோட்டின் மேலும் உதிர்கிறது. ஊதிவிட்டு எழுதுகிறேன். எழுந்து ஓடிவிடலாம் என்று ஒவ்வொரு வரிக்கும் தோன்றுகிறது.

மீதி ராத்திரியில் எழுதியது. மத்தியானம் வந்துவிட்டார். நகராட்சி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு ஆள், கையில் செல்போன். வாசலுக்கு வெளியே, மழைச்சேற்றில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"வீட்ல யாரு இருக்கீங்க?"

"இருக்கோம் சார். செண்பகவல்லி, அவங்க வீட்டுக்காரர், ஒரு பொண்ணு. குடியிருக்கற வீடு."

"நீங்கதான் செண்பகவல்லியா?"

"இல்ல. நான் பக்கத்து வீடு. அவங்க எதிர்ல இருக்காங்க, என் கொழந்தைய வச்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தார். கழியைப் பார்த்தார். மேலே பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். "அய்யய்யோ. எம்மா, மொதல்ல வெளிய வாங்க! விழற மாதிரி இருக்கு. நான் ஆபத்தான கட்டடம், காலி பண்ணச் சொல்லணும்னு போட்டுடறேன்."

"அத மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க சார். ரெண்டு வீட்டுக்கும் ஒரே தளம். எங்க பாதிய பஞ்சாயத்துப் பணத்துல இடிச்சோம், அதுல இது போச்சு. எங்களுக்குக் குடுத்தது இவங்களுக்கு வந்த வீடு. அதையும் சேத்து எழுதுங்க."

"அதெல்லாம் எழுத இதுல எடம் இல்லம்மா. வெளிய வாங்க, பேசிக்கலாம்."

எதிரிலிருந்து அக்கா, "தமா, எழுந்து வாடி!" என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. மாமா கொட்டகையிலிருந்து இறங்கிச் சேற்றில் வந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே எங்கோ கம்பி 'ணங்' என்றது. இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரல சார். நீங்க உள்ள வாங்க. விரிசல் எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு நான் காட்டறேன். பாத்து, போட்டோ எடுத்து, எடம் இருக்கற எடத்துல எழுதுங்க. நீங்க எழுதினதும் நான் எழுந்திருக்கேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ரொம்பப் பயமா இருக்கு சார். சீக்கிரம் வாங்க."

அவர் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா அவரைத் தாண்டி வந்து என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஆள் உதிரும் மண் படாமல் செல்போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். மேலே பார்த்தபடியே செருப்பைக் கழற்றினார். பிறகு குனிந்து உள்ளே வந்தார்.